அவளுக்கு எட்டாத ஷெல்ஃப்

என்னைவிட்டுப் போவது என்று முடிவு செய்துவிட்ட மனைவிக்கு, அவள் போய் இருக்கப்போகிற வீட்டின் உள்வேலைகளை நானே வரைந்து கொடுத்தேன். இது முதல் அசட்டுத்தனம். அவள் எப்படியாவது திரும்பி வந்துவிட வேண்டும் என்பதற்காக, அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு ஷெல்ஃபை வேண்டுமென்றே அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். இது இரண்டாவது. முதலாவதைப் பெருந்தன்மை என்று நண்பர்களிடம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இரண்டாவதை என்ன பெயர் சொல்லிச் சமாளிப்பது என்று தெரியாததால் யாரிடமும் சொல்லவில்லை.

தாம்பரத்தைச் சுற்றி வீடு கட்டுகிறவர்களுக்கு வரைந்து கொடுப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் நான் ஓவியன். மிச்ச நேரம் எனக்கு எப்போதுமே நிறைய இருந்திருக்கிறது. வீட்டை வரைவதைவிட, வீட்டுக்குள் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வரைவதில்தான் எனக்குப் பித்து. ஹாலில் சோபா சும்மா கிடக்கும். வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். டைனிங் டேபிள் மேல் மடிக்காத துணி மலைபோல் இருக்கும்; சாப்பாடு டி.வி. முன்னால் தரையில் நடக்கும். தெரிந்தவர், தெரியாதவர் வீடுகளுக்கெல்லாம் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யார் எங்கே நிற்கிறார், எங்கே சாய்கிறார், எதுவரை போய்த் திரும்புகிறார் என்று அந்த வீட்டு பிளான் மேல் கலர் பென்சிலால் கோடு போடுவேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு வீட்டை அப்படி வரைந்தேன். ஒரே அறை, அதற்குள் ஒரு குடும்பம். கல்லூரிக்குப் போகிற பெண் இரும்பு பீரோவின் இரண்டு கதவையும் அகலத் திறந்து, நடுவில் தலையணை போட்டு உட்கார்ந்து படிப்பாள். கதவு திறந்திருக்கிறவரை வீட்டில் ஒருவரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். பீரோ திறந்திருந்தால் அவள் தன் அறைக்குள் இருக்கிறாள் என்று பொருள். அந்தப் படத்தைப் பலரும் பாராட்டினார்கள். பாராட்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது. உடனே அடுத்த வேலையில் கோட்டை விட்டுவிடுவேன்.

அடுத்த வேலையாக என் மனைவியை வரைந்தேன். அவள் முகத்தை அல்ல, ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் அவள் நடந்த வழியை. அடுப்பிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜிலிருந்து மறுபடி அடுப்பு என்று சிவப்புப் பென்சில் கரைந்து போகுமளவு கோடுகள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் என் படங்களை மாட்டியபோது அதை நடுச்சுவரில் வைத்தேன். ரிட்டையரான பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது புதுசா வரப்போற மெட்ரோ லைனா சார்?" என்றார்.

"இல்ல சார், என் வொய்ஃப்" என்றேன்.

பக்கத்தில் பேப்பர் கப்பில் காபியோடு நின்றிருந்த அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "ஸ்டவ்லேர்ந்து சிங்க்குக்கு நான் எத்தனை தடவை போறேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"ஆமா, நல்ல வரவேற்பு" என்றேன் நான்.

அவள் கணக்கு டீச்சர். ஒரு விடைக்கு வருவதற்கு முன் எல்லா வரியையும் எழுதிப் பார்க்கிறவள். மகள் திருச்சியில் வேலைக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பெருங்களத்தூர்ல ஒரு ஃபிளாட் பாத்து வச்சிருக்கேன். சின்னது."

"இன்வெஸ்ட்மென்ட்டா? இப்ப வேணாமே, அங்க தண்ணி..."

"இல்லங்க. இருக்கறதுக்கு. எனக்கு மட்டும்."

நான் பேப்பரை மடித்தேன். பிறகு எதற்கென்று தெரியாமல் மறுபடி விரித்தேன்.

"நீங்க தப்பா ஒண்ணும் பண்ணல" என்றாள். "யாரும் என்னைப் பாக்காத ஒரு ரூம் எனக்கு வேணும். நான் எங்க நிக்கிறேன், எதுக்கு நிக்கிறேன்னு யாரும் யோசிக்காத ஒரு ரூம். அவ்ளோதான்."

வக்கீல் இல்லை, கோர்ட் இல்லை, கூடிப் பேச வந்த பெரியவர்கள் இல்லை. பாத்திரம்கூட உடையவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்காவது வழி இருந்திருக்கும். அவள் சத்தமே போடாமல் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. பல வருடங்களாக மற்றவர் வீடுகளில் மூலையில் உட்கார்ந்து பழகியவன், அன்று என் வீட்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அது ஒரு மோசமான மூலை. நானே வரைந்ததுதான்.

சாவி கைக்கு வந்ததும் அந்த ஃபிளாட்டைக் கட்டியவர்கள் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் காட்டிய சமையலறைப் படங்களில் எல்லாமே பளபளத்தன. இட்லிப் பானையை வைக்க மட்டும் இடமில்லை. அவள் படங்களை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எது எட்டும் எது எட்டாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே வரைஞ்சு குடுத்துட்டுப் போயிடுங்க."

இதில் கடைசி வார்த்தை என் காதில் விழவே இல்லை. எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டாளே, அது போதாதா? அன்று ராத்திரியே தாளை விரித்துவிட்டேன்.

எங்கள் சேலையூர் வீட்டுச் சமையலறையில் மேல் ஷெல்ஃப் என் உயரத்துக்கு அமைந்தது. அவள் என் தோள்வரைதான் வருவாள். பண்டிகைப் பாத்திரமோ பெரிய குக்கரோ வேண்டுமென்றால், "இங்க கொஞ்சம் வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போவேன். எட்டி எடுத்துக் கொடுப்பேன். மாவுக் கையோடு முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு அவள் வேலையைத் தொடர்வாள். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னால் ஆன உதவி ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டியிருக்கும்: எட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே பெருங்களத்தூர்ச் சமையலறையிலும் மேலே இரண்டு தட்டுகளை என் உயரத்துக்கு வரைந்தேன். கணக்கு மிக எளிது. என்றைக்காவது மேலேயிருந்து ஒரு சாமான் வேண்டியிருக்கும். அந்தக் குரல் இந்தத் தடவை போனில் வரும். நான் ஸ்கூட்டரை எடுப்பேன். எடுத்துக் கொடுத்த கைக்கு ஒரு காபி கிடைக்கும். காபி குடிக்க உட்காரவேண்டும். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? வீடு கட்டுகிற கலையைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களாகப் படித்தவன் கடைசியில் கட்டி எழுப்பிய சித்தாந்தம் இது.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தச்சுவேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் அதே அளவில் தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் வரைந்துவிடுவேன். பிறகு அங்கே குடியிருக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, "இதுக்குள்ள ஒரு நாள் இருந்து காட்டுங்க" என்பேன். காலையில் எழுவதிலிருந்து விளக்கை அணைப்பதுவரை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கோடு மறைந்து வீடு வந்துவிடும். வெறும் தரையில் நான் போட்ட வாசற்கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பூஜை அறை என்று கிறுக்கிய கட்டத்துக்கு முன்னால் நின்று ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிட்லபாக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் சாக்பீஸ் டி.வி.யை எந்தப் பக்கம் திருப்புவது என்று நிஜமாகவே முறைத்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கம் அவளிடமிருந்துதான் தொடங்கியது. கல்யாணமான புதிதில், எங்கள் மனையில் அஸ்திவாரம் தோண்டுவதற்காகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தோம். அவள் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டாவது அடியிலேயே நெருஞ்சி முள். முள்ளை எடுத்ததும், "ஹால் இவ்ளோதானா?" என்று கேட்டாள். திறந்த வெளியில் கோடு போட்டால் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், சுவர் வந்தால் பெரிதாகிவிடும் என்று நான் நீளமாக விளக்கினேன். அவள் அதைக் கேட்காமல் ஹால் நடுவில் மண்ணில் உட்கார்ந்து, "இங்க நல்லா காத்து வருதுங்க" என்றாள். சுவர் எழும்பியதும் காற்று நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் ஒருபோதும் பேசியதில்லை.

பெருங்களத்தூர் ஃபிளாட்டில் அவள் ஒரு நாள் இருந்து காட்டவேண்டிய தேதி பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமையாக அமைந்தது. பள்ளிக்கு லீவு அன்றுதான். ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே அவளுடைய பை உட்கார்ந்திருந்தது. மனிதர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன். அந்தப் பையில் தண்ணீர் பாட்டிலும் பழைய செய்தித்தாளும் இருந்தன. என் பேச்சில் அந்த அளவுகூட விஷயம் இருந்திருக்காது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகரவில்லை. ஊருக்குப் போகிற கூட்டம் பையும் குழந்தையுமாகப் பாதி ரோடுவரை வந்து நின்றது. "விழுப்புரம், திருச்சி, மதுரை" என்று கத்திக்கொண்டே ஒரு கண்டக்டர் என் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் அப்படித்தான், பார்க்கிறவர்களுக்கு.

மேலே ஃபிளாட்டில் கார்ப்பென்டர் காத்திருந்தார். பல வருடங்களாக என்னோடு வேலை செய்கிறவர். வாய் மட்டும் ஓயாது.

"இன்னா சார், ரெண்டாவது வூடா? சொல்லவே இல்ல! வாடகைக்கு வுடப்போறீங்களா?"

"இல்ல, மேடம் இருக்கப்போறாங்க."

"அப்ப நீங்க?"

"நான் சேலையூர்லதான்."

அவர் பென்சிலால் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே எனக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். "ஓ, அக்கா ஸ்கூலு இங்க கிட்டக்க கீதுங்களா?"

"ஆமா" என்றேன் அவசரமாக.

"ஸ்கூல் ஒண்ணும் கிட்ட இல்லண்ணா" என்றாள் அவள். "நான் தனியா இருக்கப்போறேன். அதான்."

ஓயாத வாய் ஓய்ந்தது. கார்ப்பென்டர் டேப்பை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கடைசியில் என்னைப் பார்க்காமல், "கட்டில் இன்னா சைசு சார்?" என்று கேட்டார்.

ஒற்றைக் கட்டிலைத்தான் வரைந்திருந்தேன். அந்த அளவுக்காவது எனக்கு மானம் இருந்தது. சுவரோரமாக அந்தச் சாக்பீஸ் கட்டத்தைக் காட்டினேன்.

அவள் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்துக் கட்டத்துக்குள் விரித்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு படுத்தாள். கார்ப்பென்டர் மரியாதையாகப் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பியிருக்கவேண்டும். யாரும் பார்க்காத அறை வேண்டும் என்றுதானே இவ்வளவும்? ஆனால் பார்த்தேன். எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் கட்டிலின் ஓரத்தில், ஒரு கை வெளியே தொங்கப் படுத்தவள், அங்கே நட்டநடுவில் படுத்தாள். இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். அவள் முகத்தில் அப்படியொரு ஓய்வை நான் எந்தப் படத்திலும் வரைந்ததில்லை.

எழுந்தாள். எந்தப் பக்கம் இறங்குவது என்று ஒரு கணம் யோசித்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். பல் தேய்த்தாள். சமையலறைக்கு வந்தாள். இல்லாத அடுப்பைப் பற்றவைத்து, இல்லாத பாலை வைத்து, இல்லாத ஃபில்டரை இரண்டு விரலால் தட்டினாள். டிகாஷன் இறங்கவில்லை என்றால் அவள் அப்படித்தான் தட்டுவாள். பிறகு காபி ஆற்றினாள். நான் அந்தக் காற்றில் டம்ளர்களைத் தேடினேன். ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள் என் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. அலமாரிக்குள்ள நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். நானே போட்ட கட்டத்துக்குள் நின்றிருந்தேன். வெளியே வந்து வேறொரு இடத்தில் நின்றேன். அது ஃபிரிட்ஜ் என்றார் கார்ப்பென்டர். இன்னொரு இடத்துக்கு நகர்ந்தேன். அங்கே வாஷிங் மெஷின். அந்த வீட்டில் நான் நிற்பதற்கென்று ஒரு சதுர அடி வரையவில்லை என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. கடைசியில் பால்கனிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டினேன்.

ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜையும் இரண்டு நாற்காலியும் வரைந்திருந்தேன். அவள் ஒன்றில் உட்கார்வதுபோல் நின்று பார்த்தாள்.

"இன்னொரு சேர் யாருக்கு?"

"யாராவது வந்தா..."

"வந்தா கட்டில்ல உக்காருவாங்க. அந்த இடத்துல நான் ஒரு செடி வைக்கணும்."

கார்ப்பென்டர் காலாலேயே அந்த நாற்காலியைத் தேய்த்து அழித்தார். சாக்பீஸ்தானே, நிமிஷத்தில் போய்விட்டது. அழிந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக நின்றது.

பிறகு ஷெல்ஃப். அவள் சுவரைப் பார்த்து நின்று கையைத் தூக்கினாள். கீழ்த் தட்டுகள் சரியாக இருந்தன. நான் செய்த சதியில் முதல் கோட்டுக்குக் கை எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள், அப்போதும் எட்டவில்லை. என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். கார்ப்பென்டர் சாக்பீஸைக் கொடுத்தார். டஸ்டரால் போர்டை அழிக்கிற டீச்சர் போலவே அந்தக் கோட்டை முந்தானை நுனியைச் சுழற்றி அடித்து அழித்துவிட்டு, தன் மணிக்கட்டுக்கு நேராகப் புதுக் கோடு ஒன்று போட்டாள். எனக்கு ஸ்கேல் வைத்தால்கூட அவ்வளவு நேராக வராது.

அதற்கும் மேலே இருந்த கோட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

"இன்னாக்கா, கைக்கே எட்டாதே?" என்றார் கார்ப்பென்டர்.

"தினமும் எடுக்காத சாமான் வைக்க. இருக்கட்டும்ணா."

அந்த "இருக்கட்டும்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல மாதம் குடித்தனம் நடத்தினேன்.

கோடை விடுமுறையில் அவள் குடிபோனாள். சாமான்களை நானும் ஏற்றி இறக்கினேன். அவளுடைய அம்மா கொடுத்த பித்தளை முறுக்கு நாழியை, யாரும் சொல்லாமலே, மேல் ஷெல்ஃபில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அவள் பார்த்தாள். வாசலில் நான் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, "பார்த்துப் போங்க, பாலத்துக்கிட்ட நெரிசலா இருக்கும்" என்றாள். வந்துவிட்டுப் போகிற விருந்தாளிக்குச் சொல்வதுபோல் அழகாகச் சொன்னாள்.

வீடு திரும்பியதும் அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. சுவர் வந்தால் பெரிதாகிவிடும் என்று நான்தானே சொன்னேன்! ஹாலிலிருந்து சமையலறை ரொம்ப தூரம். எல்லா இடத்திலும் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மங்கலான எண்ணெய்த் தடத்தைப் பார்த்தேன். குக்கர் விசில் வருகிறவரை அவள் அங்கே சாய்ந்து நிற்பாள். சிவப்புக் கோடுகளாலான என் படத்தில் அந்த இடம் இல்லவே இல்லை. அவள் நடந்ததையெல்லாம் குறித்தவன், அவள் சும்மா நின்றதைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு, வேண்டாம், இதாவது அவளுக்கு இருக்கட்டும் என்று திரும்பிப் போய்விட்டேன். அந்தச் சுவருக்கு இன்றுவரை பெயின்ட் அடிக்கவில்லை.

போன் ஒரு தடவை வந்தது. அவள் பெயரைப் பார்த்ததும் குளித்துக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடிவந்து எடுத்தேன்.

"என்ன, மேலேர்ந்து ஏதாவது எடுக்கணுமா?"

"மேலேர்ந்தா? இல்லியே. பழைய கேஸ் சிலிண்டர் புக் அங்க இருக்கா பாருங்க."

இருந்தது. மகளின் தோழி ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

கிருஷ்ண ஜெயந்தி வந்தது. முறுக்கு இல்லாமல் அவள் அதைக் கொண்டாடியதே இல்லை. அன்று காலையிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டருக்குப் பெட்ரோலும் போட்டுவைத்து உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. தனியாக இருக்கிறவள், இந்த வருடம் விட்டிருப்பாள் என்று தேற்றிக்கொண்டேன். தனியாக இருப்பது கஷ்டம்தானே என்று கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கிருஷ்ண ஜெயந்தியை விடலாம், தீபாவளியை விடமுடியாது. எனக்கிருந்த கடைசி நம்பிக்கை, பெருங்களத்தூரில் ஒரு ஷெல்ஃபின் பின்பக்கம், இருட்டில், பித்தளையால் ஆனதாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மகள் வந்தாள். திருச்சியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது; முதலில் அம்மா வீட்டில் தங்கிவிட்டு வந்திருக்கிறாள். நான் கேட்காமலேயே காரணம் சொன்னாள்: "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கினா பெருங்களத்தூர் தாண்டித்தானேப்பா தாம்பரம் வரணும். அம்மா வீடு வழியில இருக்கு." பூகோளத்தோடு வாதாட முடியாது. அதுவும் என் தொழிலில் இருக்கிறவன்.

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அம்மா குடுத்து விட்டாங்க. நேத்து நாங்க ரெண்டு பேரும் சுட்டோம்."

திறந்தேன். முறுக்கு. அதே சுற்று, அதே நிறம், ஓமம் மட்டும் கொஞ்சம் தூக்கல். ஒன்றைக் கடித்தேன். நொறுங்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மகளும் அம்மாவின் உயரம்தான். அவள் கையும் எட்டியிருக்காது. எவ்வளவு சாதாரணமாக முடியுமோ அவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன்.

"நாழி மேல் ஷெல்ஃப்ல இருந்துச்சே. யார் எடுத்துக் குடுத்தா?"

"அம்மாவே ஏறி எடுத்தாங்க."

"எதுல ஏறி?"

"ஸ்டூல்லதான். கிருஷ்ண ஜெயந்திக்கு முன்னாடியே வாங்கிட்டாங்களேப்பா, சொல்லலையா? பல்லாவரம் சந்தையில. தனியா போயி, பேரம் பேசி, பஸ்லயே கொண்டுவந்துட்டாங்க."

வெள்ளிக்கிழமை தவறாமல் நான் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய கதவும் உடைந்த கண்ணாடியும் வாங்கிவரும்போதெல்லாம், "குப்பைய விலை குடுத்து வாங்கறாரு" என்று சொன்னவள் அவள். கூப்பிட்டால்கூட வந்ததில்லை. நான் இன்னொரு முறுக்கை எடுத்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஸ்டூல் லேசா ஆடுது, ஆனா நல்லாத்தான் இருக்குப்பா. அந்தக் கடையில அதே மாதிரி இன்னொண்ணு இருந்துச்சாம். உங்களுக்கும் வேணுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."